வண்டியை விட்டு இறங்காதவர்

மார்ச் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மேலே ஏறும்போது நாம் போன கோல்ஃப் மைதானம் கீழே தெரிந்தது. எங்கே பார்த்தாலும் தண்ணீர், நடுநடுவே பச்சைத் துணியைக் காயப்போட்ட மாதிரி புல்வெளி. மேலேயிருந்து பார்க்கும்போது அங்கே ஒருவருக்கும் ஒரு கவலையும் இருக்க முடியாது என்றுதான் தோன்றியது.

கடிதம் அலுவலக முகவரிக்கு வந்திருக்கிறதே என்று பார்க்காதீர்கள். உங்களுக்குப் போன் செய்தால் பாப்பா பக்கத்தில் இருப்பாள். இங்கே உங்கள் அத்தை ஸ்பீக்கரைப் போடாமல் போனைத் தொடமாட்டாள். நாம் இரண்டு பேர் மட்டும் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. "வீட்ல சும்மாதானே உக்காந்திருக்கீங்க, வாங்க மாமா, தலைக்கு மேலேயே பிளேன் போகும்" என்று பிரியமாகத்தான் கூப்பிட்டீர்கள். ஆரம்பிக்கும் முன்னால் அங்கே போட்டிருந்த விரிப்பில் நிற்க வைத்து எனக்கும் ஒரு பந்து அடிக்கக் கொடுத்தீர்கள். அது நேராக வாத்துக் கூட்டத்துக்கு நடுவே போய் விழுந்தது. உங்கள் மேலாளரும் அந்தக் கட்டடக்காரரும் கைதட்டினார்கள். அதன் பிறகு முட்டி வலி என்று, மைதானத்தைச் சுற்றி வரும் அந்தக் குட்டி வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கடைசிக் குழிக்கு நீங்கள் அடித்த பந்து ஏரிக்கரைப் பக்கம் போயிற்று. தேடப் போனீர்கள். பாக்கெட்டிலிருந்து வேறொரு பந்தை எடுத்துக் கால் ஓரமாகப் புல்லில் நழுவவிட்டு, "கிடைச்சிருச்சு, தண்ணில விழல" என்று குரல் கொடுத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் கட்டடக்காரர் நாணலுக்குள் குனிந்து உங்கள் நிஜப் பந்தை ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துவிட்டார். இரண்டிலும் அடையாளத்துக்கு நீங்கள் வைத்த சிவப்புப் புள்ளி. மேலாளர் பந்துகளைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழ்வாக வந்தது. அது போகும்வரை யாரும் வாயைத் திறக்க முடியவில்லை. உங்கள் முகம் எனக்கு நேராக இருந்தது. இத்தனை வருஷம் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். 'இது எதுக்குக் குடுக்குற மருந்து' என்று கேட்கப் பயந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான் உங்களுக்கு இருந்தது.

சத்தம் அடங்கியதும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "நான்தாங்க இறங்கிப் போய் அந்தப் பந்தைப் போட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது. உதவியா இருக்கட்டுமேன்னு செஞ்சுட்டேன்."

அதோடு முடிந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து பாப்பாவிடமும் நீங்கள் அதையே சொன்னீர்கள். பெற்ற அப்பன் என்றும் பாராமல் அவள் என்னைக் கேட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். "கடையில ஒரு மாத்திரை கூடக்குறைய குடுத்ததில்லைன்னு பெருமை பேசுவீங்களே. இவர் வேலைக்கு உலை வைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? திருட்டுத்தனம் பண்ண வேற இடமே கிடைக்கலையா?" அதனால்தான் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு முன்னதாகவே கிளம்பினேன்.

வெளியாட்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம். பாப்பாவிடம் மட்டும், உங்களுக்குச் சௌகரியமான நேரத்தில், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்
மாமா


மார்ச் 17

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலகத்துக்கு அனுப்பியது நல்லதாயிற்று. பூட்டுள்ள மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் செய்த உதவியை நான் மறக்கமாட்டேன். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே புரியவில்லை. கட்டடக்காரரின் புதுக் கட்டடங்களுக்கு நம் கம்பெனி லிஃப்ட்தானா இல்லையா என்பது அந்த வாரம் முடிவாக இருந்தது. மேலாளர் காலையிலிருந்தே, "இவன் கையில எது குடுத்தாலும் சரியா முடிப்பான்" என்று அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிக் குழியில் தண்ணீரில் அடித்துவிட்டால் அசிங்கமாகிவிடுமே என்று தோன்றியது. அவ்வளவுதான். நினைத்துப் பார்த்தால் சின்ன விஷயம். ஆட்டத்தில் எல்லோரும் ஒருமுறையாவது செய்வதுதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. எனக்குப் பதவி உயர்வு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. இதில் உங்கள் பங்கு பெரியது.

ஆட்டம் முடிந்து சாப்பாட்டு மேசையில், 'சிறந்த உதவியாளர்' என்று சொல்லி உங்களுக்குப் பந்து பொறுக்கும் வலையைப் பரிசாகக் கொடுத்தார்களே, அது வெறும் விளையாட்டு. நீங்கள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது எல்லோருக்கும் பிடித்திருந்தது. மனதில் வைத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும்.

பாப்பாவிடம் சொல்லத்தான் போகிறேன். பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வரட்டும். இப்போது சொன்னால் அவள் பதற்றப்படுவாள், யாரிடமாவது வாய்தவறிச் சொல்லியும் விடலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டிக்குத் தைலம் தடவுகிறீர்களா?

உங்கள்
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதவி உயர்வு வரட்டும் என்று காத்திருந்தேன். இதற்கிடையில் இங்கே வேறொன்று முளைத்திருக்கிறது.

பாப்பாவுக்கு என் மேல் இருந்த கோபம் போய்விட்டது. நல்லதுதானே என்பீர்கள். கோபம் போய், கவலை வந்திருக்கிறது. ஆயுள் முழுக்க ஒழுங்காக இருந்த மனுஷன் திடீரென்று இப்படி ஏன் செய்ய வேண்டும் என்று யோசித்திருக்கிறாள். அப்பாவுக்கு மூளையில் ஏதோ தளர்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்து, அதை உங்கள் அத்தையிடம் போனில் சொல்லிவிட்டாள். இவளும் யோசித்துப் பார்த்து, போன மாதம் நான் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தேடினதையும், குடையை வங்கியில் விட்டு வந்ததையும் சேர்த்துக் கணக்குக் காட்டிவிட்டாள். இருபது வயதிலிருந்தே நான் குடையைத் தொலைப்பவன். அது இப்போது வியாதியாகிவிட்டது.

அடுப்புக்கு மேலே 'அணைத்தாயா?' என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள். அது போகட்டும், சிரித்துவிட்டேன். போன திங்கட்கிழமை கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். "மறதிக்காரர் மருந்து எடுத்துக் குடுக்கலாமா? ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிட்டா யார் பொறுப்பு?" என்று பாப்பா சொன்னாளாம். அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. இன்னொருவர் விஷயமாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். சின்னப் பையன் மாதிரி இருந்தார், தன்மையாகத்தான் பேசினார். "இன்னைக்கு என்ன கிழமை?" என்றார். கடை அடைத்ததிலிருந்து எல்லாக் கிழமையும் ஒன்றாகிவிட்டது. வியாழன் என்றேன். புதன். கடிகாரம் வரையச் சொன்னார். உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததில், முள் இரண்டையும் ஒரே நீளத்துக்குப் போட்டுவிட்டேன். 'லேசாக இருக்கலாம், கவனிப்போம்' என்று எழுதிக் கொடுத்தார்.

உங்களைக் காட்டிக்கொடுத்தால் இதெல்லாம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். நான் செய்யமாட்டேன். சொல்ல வேண்டியவர் நீங்கள். இனியும் தாமதிக்க வேண்டாம்.

அன்புடன்
மாமா


ஏப்ரல் 9

மாமாவுக்கு,

படித்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வழியாகவோ தெரிய வேண்டாம். பாப்பா என்னிடம்தான் முதலில் கேட்டாள். "அப்பா இங்க இருந்தப்ப நீங்க ஏதாவது கவனிச்சீங்களா? மறதி மாதிரி?" நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் இருந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் அவளுக்கு உங்கள் மேல் உள்ள கோபம் தணியும் என்று நினைத்தேன். உண்மையிலேயே அதற்காகத்தான் சொன்னேனா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

அன்று கோபம் தணிந்து அவள் அழுதாள். அதைப் பார்த்தபிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் காரில் வரும்போது முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது போய்விடுகிறது.

பதவி உயர்வு இந்த மாதக் கடைசியில் என்கிறார்கள். அதுவரை மட்டும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். சொந்த வீட்டில் ஒளிந்து படிக்கிறேன். யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள்.

கடைக்கு மாற்றாள் ஒருவரை வைத்திருக்கிறார்கள். வழக்கமாக வருபவர்கள் வாசலில் நின்று, "பெரியவருக்கு என்ன?" என்று கேட்கிறார்களாம். "ஓய்வு எடுக்குறார்" என்று பதில். நேற்று எதிரே வந்த தையல்காரர் என்னிடம் ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். என்னைத் தெரிகிறதா என்று கேட்டார். அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் நிரூபிக்கப் பார்ப்பது போல இருக்கும் என்று, "தெரியுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. மதியம் சும்மா படுத்திருந்தேன். அந்தப் பந்தை ஒருவேளை நிஜமாகவே நான்தான் போட்டேனோ என்று தோன்றியது. வண்டியிலிருந்து இறங்குவதும், புல்லில் நடப்பதும், குனிவதும் கண்முன்னே வந்தது. எத்தனை பேரிடம் எத்தனை தடவை ஒத்துக்கொண்டுவிட்டேன், மாப்பிள்ளை. எழுந்து உட்கார்ந்து உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'நான் ஏன் அப்படிச் செய்தேன்' என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் மூச்சு வந்தது. என் புத்தி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்கள் கடிதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவளிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

மாமா


மே 3

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன். ஆனால் என்னைப் பாராட்டிவிடாதீர்கள். எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதினால்தான் இது முழுதாகும்.

போன சனிக்கிழமை மேலாளர் மறுபடியும் அதே மைதானத்துக்கு அழைத்தார். அதே கட்டடக்காரர், நான், அவர். கடைசிக் குழிக்கு வந்தோம். பந்தைத் தண்ணீரில்தான் அடித்தேன். நல்லவேளை என்று நினைத்தேன், ஏனென்று தெரியவில்லை. தண்ணீர் ஓரமாக நடந்து வரும்போது மேலாளர் சாதாரணமாகக் கேட்டார்.

"மாமனாரைக் கூட்டிட்டு வரலையா?"

"அவருக்கு உடம்பு சரியில்ல சார். கொஞ்சம் மறதி."

அவர் நின்றுவிட்டார். "யாருக்கு, அவருக்கா? யோவ், அன்னைக்கு அந்த ஒரு பந்து அடிச்சதோட சரி, அப்புறம் மனுஷன் வண்டியை விட்டு இறங்கவே இல்லையே. ராத்திரி மழை பெஞ்ச புல்லு, நம்ம எல்லார் ஷூவும் சேறு. அவர் ஷூ மட்டும் பாலிஷ் போட்ட மாதிரி இருந்துச்சு. உனக்காகத்தான் பழியை வாங்கிக்கிட்டார்னு எங்களுக்கு அப்பவே தெரியும்."

நான் கட்டடக்காரரைப் பார்த்தேன். அவர் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப ஏன் சார் ஒண்ணும் சொல்லல?"

"ஒரு பந்துக்காக வேலையைக் கெடுத்துக்கிறதா? நீயா எப்ப வாயைத் திறக்கிறேன்னு பாத்துட்டே இருந்தோம். அவருக்கு அந்த வலையைப் பரிசாக் குடுத்தப்பவாவது, 'வேணாம் சார், நான்தான்'னு எந்திரிப்பேன்னு நெனச்சோம். நீயும் சேர்ந்து கைதட்டின."

அன்று அந்த மேசையில் அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, மாமா. என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கலாம் என்று இப்போது படுகிறது.

பதவி உயர்வு வந்துவிட்டது. 'தெரிஞ்சும் குடுத்தீங்களா?' என்று கேட்டேன். "லிஃப்ட் விக்கிறதுக்கு நீ போதும்" என்றார். அதற்குமேல் என்னிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று புரிந்தது.

வேலைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தபிறகுதான் பாப்பாவிடம் சொன்னேன். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அது வேறு. இது அதுவல்ல.

மறுநாள் மதியம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உங்களுக்கு மூளை ஸ்கேன் எடுக்க நேரம் பதிவுசெய்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் கத்தவில்லை. கம்ப்யூட்டரை மூடினாள்.

"அப்பா டாக்டர் முன்னாடி உக்காந்து கடிகாரம் வரைஞ்சாரே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கு நான் அவரை அவ்வளவு பேச்சுப் பேசினேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க."

"நின்னேன்."

"எனக்குத் தண்ணி கொண்டு வந்து குடுத்தீங்க. 'போதும், தொண்டை கட்டிக்கும்'னு சொன்னீங்க."

அது எனக்கு மறந்தே போயிருந்தது. நிஜமாகவே மறந்துவிட்டேன், மாமா.

அவள் இன்று காலை விமானத்தில் அங்கே வருகிறாள். இந்தக் கடிதம் வருவதற்குள் வந்துவிட்டிருப்பாள். விமான நிலையத்துக்கு நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

உங்களிடம் என்ன கேட்பதென்று தெரியாததால் எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை


மே 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாப்பா வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேராக அவள் அம்மாவிடம் போய், "கடைச் சாவி குடும்மா" என்றாள். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். மாற்றாள் போய்விட்டிருந்த நேரம். ஷட்டரை அவளே தூக்கினாள். நான் உள்ளே போய் என் இடத்தில் நின்றேன். அவள் இந்தப் பக்கம், வாங்க வருபவர்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, "தலைவலிக்கு ஒரு மாத்திரை குடுங்கப்பா" என்றாள். கொடுத்தேன். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு கேட்டாள். "நான் உங்களைத் திருட்டுத்தனம் பண்றீங்கன்னு சொன்னேனே, அப்பகூட ஏன்பா வாயைத் திறக்கல?"

"உன் வீட்டுக்காரரை உன் முன்னாடியே தலைகுனிய வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன்மா."

"அவர் மானத்தைக் காப்பாத்துனீங்க. என் வாயால உங்களைப் பேச வச்சீங்க. அந்தப் பேச்சை நான் எங்க போய்க் கழுவுறது?"

உங்களுக்கு இவ்வளவு எழுதினேனே, இந்தப் பக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் என்னைப் பற்றி நானே கொஞ்சம் உயர்வாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய மனுஷன் மாதிரி. பெற்ற பெண்ணைத் தப்புச் செய்ய வைத்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். உங்கள் அவமானத்தைத் துடைக்கப் போய் அதை அவள் மேல் பூசிவிட்டேன். ஆகவே கூனிக் குறுகி நிற்பது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

உங்கள் அத்தை எங்கள் இரண்டு பேரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அடுப்புச் சீட்டைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும், எனக்கு உதவுது" என்றாள்.

பாப்பா ஞாயிற்றுக்கிழமை மதிய விமானத்தில் திரும்புகிறாள். எதற்குத் திரும்புகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் வேலை அங்கே இருக்கிறது, அது மட்டும்கூடக் காரணமாக இருக்கலாம். நீங்களே போய் நில்லுங்கள். வாசலிலேயே மன்னிப்பு என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் இழுக்காதீர்கள்.

அன்புடன்
மாமா


மே 18

மாமாவுக்கு,

நேற்று போய் நின்றேன். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி போகவில்லை. பெட்டியைக் கொடுக்கவில்லை. நான் இழுக்கவில்லை.

காரில் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். டிரைவரைப் போல ஓட்டினேன். ரொம்ப தூரம் வந்தபிறகு, "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "நீங்களே கேளுங்க" என்று சொல்லி, எண்ணை அழுத்திப் போனை முன்பக்கம் நீட்டினாள்.

சிக்னலில் நின்றிருந்தேன். நீங்கள் எடுத்து, "பாப்பா, இறங்கிட்டியா?" என்றீர்கள். நான், "மாமா" என்றேன். பச்சை விழுந்து பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தது உங்களுக்கும் கேட்டிருக்கும். "வண்டி ஓட்டும்போது பேசாதீங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். வீடு வந்ததும் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா அந்தப் பக்கமாகப் போனவள் நின்று, யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "நீளமா எழுதுங்க" என்றாள்.

நீளமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மாமா. வரவில்லை.

மாப்பிள்ளை